அலமாரியை விட்டு யாரும் வெளியே வரவில்லை

மணியை அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு முரட்டு ஆள் அதட்டினான்: "யாரது? அங்க யாரு?"

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவு எண்ணை மறுபடி பார்த்தேன். வருடக்கணக்கில் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்தால் சொந்த அக்கா வீடுகூட மறந்துபோகும் என்று அம்மா சொல்வது பலித்துவிட்டதோ என்று பயம். எண் சரிதான். கதவு திறந்தது. அரைக்கால் சட்டையும் தோளில் ஈரத் துண்டுமாக, என் காது உயரத்துக்கு வருகிற அத்தான் நின்றிருந்தார்.

"அடடே, ஊர்சுத்தி! வா வா. மணிச் சத்தம் கேட்டதும் அப்படியே வந்துடுச்சு. வேலையில இருந்தேன்."

"குளியலறையிலயா?"

"அங்கதான் எதிரொலி சுத்தமா இருக்கு. கோட்டைக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும்."

அத்தான் ஒரு காவலன். நிஜக் காவலன் இல்லை. அந்த உடம்பை நம்பி யாரும் ஒரு சைக்கிளைக்கூட விட்டுப் போக மாட்டார்கள். ஒளிந்து ஒளிந்து நகர்கிற வீடியோ விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் நாம் யார் கண்ணில் படாமல் நழுவ வேண்டுமோ அந்தக் காவலர்களுக்குக் குரல் கொடுப்பவர். மதில்மேல் நடப்பவன் அவர். வாசலில் கொட்டாவி விடுபவன் அவர். படிக்கட்டில் இரண்டு காவலர்கள் நின்று பேசிக்கொண்டால் இரண்டு பேருமே அவர். ஒருவனுக்கு மட்டும் மூக்கடைத்திருக்கும்.

அதற்கு முன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது இன்று வராது என்று சொல்லும் வேலை. அக்காவின் வண்டி தினமும் தாமதம். தினமும் அதே குரல், ஒரு வருத்தமும் இல்லாமல், தாமதம் என்று சொல்லும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் சண்டை போடப் போனாள். மலைபோல ஒருத்தன் இருப்பான் என்று நினைத்துக் கதவைத் தள்ளியவள், அவரைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டு, "இந்த உடம்புக்குள்ள இவ்ளோ குரல எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாளாம். அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க இல்ல" என்றாராம். கல்யாணம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியை அம்மா நெடுநாள் இழுத்தடித்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நிலையத்தில் எல்லா அறிவிப்புகளையும் ஒருமுறை அவரை வைத்தே பதிவு செய்து கணினியில் ஏற்றியபின் அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. பதிவு செய்ய வந்த ஒலிக்கூடத்துக்காரர்கள் போகும்போது அவரையும் கையோடு கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து காவலன்தான்.

"கதாநாயகனுக்குக் குரல் குடுக்கணும்னு ஆசை வந்ததே இல்லையா அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த ஆட்டத்துலயா? ஒளிஞ்சிருக்கிறவன் எங்க பேசுவான்? மூச்சு விடவே பயப்படுவான். பேச்சு முழுக்க எங்களுக்குத்தான்."

காவலர்கள் பேசுகிற இந்தத் துண்டு வரிகளுக்கு அந்தத் தொழிலில் குரைப்பு என்று பெயர். இது தெரிந்த நாளிலிருந்து, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யார் கேட்டாலும் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறாள்.

அத்தான் இரண்டு விளையாட்டுத் தொடர்களுக்குக் குரைக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பரம வைரி. இரண்டையும் தயாரிப்பது வேறுவேறு நிறுவனங்கள், இரண்டுக்கும் வெறிபிடித்த ரசிகர் கூட்டம், எது உசத்தி என்று இணையத்தில் ஓயாத அடிதடி. ஆனால் நம் மொழியில் குரல் சேர்க்கும் கூடம் ஒன்றுதான். அங்கே முரட்டுக் குரலும் ஒன்றுதான். வேலை செய்யும் ஆட்டத்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் வீட்டில் ஒன்றுக்கு வாயாடி என்றும் மற்றதற்கு ஊமை என்றும் பெயர். வாயாடியை அத்தான் அதன் முதல் பாகத்திலிருந்தே செய்கிறார். ஊமைக்குக் கூப்பிட்டது சமீபத்தில்.

நான் வந்து சில நாட்களுக்குள் வீட்டிலும் ஒரு ஒளிந்துவிளையாட்டு நடப்பதைக் கவனித்தேன். அத்தானுக்கு சர்க்கரை. அவருக்குப் பிடித்தது கிரீம் பிஸ்கட். அக்காவோடு இருக்கும் அம்மாவுக்கும் அதேதான் பிடிக்கும், அவளுக்கு சர்க்கரை இல்லை. ஆகவே பிஸ்கட் டப்பா தினம் ஓர் இடத்தில் இருக்கும்: அரிசி வாளிக்குள், மருந்துப் பெட்டிக்குப் பின்னால், ஒருநாள் சலவை இயந்திரத்துக்குள்கூட. அத்தான் தேடும்போது தேடுவதை வாயால் சொல்லிக்கொண்டே தேடுவார், தொழில் பழக்கம். "இங்க இல்ல... இங்கயும் இல்ல... ம், இது என்ன, பருப்பு. சரி, விடு." பக்கத்து அறையில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சரி, விடு" வந்தாலும் எழ மாட்டாள்; அவர் வெளியே கிளம்பிய பிறகுதான் போய் டப்பாவை இடம் மாற்றுவாள்.

ஒரு சாயங்காலம் தேநீர் நேரத்தில் அத்தானுக்கு ஒலிக்கூடத்து மேடமிடமிருந்து அழைப்பு வந்தது. மேடம்தான் காவலர்களை இயக்குபவர். அத்தான் எழுந்து நின்று பேசினார். "சரிங்க மேடம்... புரியுது மேடம்... அப்படியா?" வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை.

"என்னங்க?" என்றாள் அக்கா.

"யாரும் வெளிய வரமாட்டேங்கிறாங்களாம்."

"எங்கேருந்து?"

"அலமாரியிலேருந்து."

நிதானமாகக் கேட்டதில் விஷயம் இது. வாயாடியின் புதிய பாகத்தை வெளியிடும் முன் சாதாரண ஆட்கள் சிலரை உட்கார வைத்து விளையாடச் சொல்லிச் சோதிக்கிறார்கள். ஆட்டத்தில் ஒருவன் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான். காவலன் வருகிறான், தேடுகிறான், கிடைக்கவில்லை. "ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். அது கேட்டதும் ஒளிந்தவன் வெளியே வர வேண்டும். ஆட்டம் மேலே நகர வேண்டும். ஆனால் இந்த முறை ஒருவரும் வரவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சலித்துப்போய் ஆட்டத்தையே அணைத்திருக்கிறார்கள் சிலர்.

"ஒருத்தர் எழுந்து போய் காபி குடிச்சிட்டு வந்து, மறுபடியும் அலமாரிக்குள்ளயே உக்காந்திருக்காராம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

"என் குரல நம்ப முடியலையாம். 'போய்ட்டான் போல'ன்னு நான் சொன்னா, அங்கயேதான் நிக்கிறேன்னு தோணுதாம். வர்ற வியாழக்கிழமை ஒரு தடவை திரும்பப் பதிவு. அதுவும் சரியா வரலைன்னா வானொலிக்காரர வச்சு எல்லாத்தையும் மாத்திடுவாங்க. பழைய பாகத்துல இருக்கிறதையும் சேர்த்து."

வானொலிக்காரர் என்பவர் காலையில் வானிலை சொல்பவர். அவர் மழை வரும் என்றால் மழைகூட மரியாதையாக வரும். அப்படி ஒரு குரல்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். மதில்மேல் நடந்தவன், கொட்டாவி விட்டவன், மூக்கடைத்தவன், எல்லோரையும் ஒரே நாளில் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

எனக்கோ வேறு குறுகுறுப்பு. அதே ஆள், அதே குரல், அதே வரி. முந்தைய பாகங்களில் வேலை செய்தது இப்போது ஏன் வேலை செய்யவில்லை? நான் தங்கிய ஊர்களிலெல்லாம் யாராவது ஒருவர் வீட்டில் இந்த ஆட்டங்களை ஆடியிருக்கிறேன், வேறு மொழிகளில். அத்தானுக்காக இரண்டையும் முதலிலிருந்து ஆடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக் கூடத்தில்தான் தொலைக்காட்சி. சன்னல் திரையில் வளையங்கள் உடைந்துபோய் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளி வழியாக வெயில் நேராகத் தொலைக்காட்சிமேல் விழும். துணிக் கிளிப் போட்டு நிறுத்தினேன். தெருவில் லாரி போனால் கிளிப் கழன்று விழுந்தது.

"வளையம் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்?" என்றாள் அக்கா.

"வாங்கிடலாம்" என்றார் அத்தான், வாங்காதவர்களின் குரலில்.

முதலில் வாயாடி. அது நல்ல மனது படைத்த ஆட்டம். காவலன் தலைக்குமேல் ஒரு சின்னக் கண் அடையாளம் மிதக்கும். சந்தேகம் வந்தால் மஞ்சள், பார்த்துவிட்டால் சிவப்பு. அது போதாதென்று அவன் தன் மனதில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வான். "என்ன சத்தம்?", "அங்க ஏதோ அசைஞ்ச மாதிரி இருக்கே", "வெளிய வா, நீ இருக்கிறது தெரியும்", கடைசியில் "ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல." ஒரு கல்லை எறிந்தால் கல் விழுந்த இடத்துக்குப் போவான். நேரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். மாட்டிக்கொண்டாலும் ஓடித் தப்பிக்கலாம். அவர்களுடைய நடையும் திருப்பமும் பழகிவிட்டால் கூட்டமான சாலையைக் கடப்பது மாதிரி, கால் தானாக இடைவெளி பார்த்துப் போகும். நான் எங்கும் அதிக நேரம் உட்காராதவள். "ஒண்ணும்" என்று அவன் ஆரம்பிக்கும்போதே அலமாரியைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவேன். அப்படியும் மாட்டவில்லை.

"உன்ன மாதிரி அவசரக்குடுக்கைக்கே பாதுகாப்பா இருக்கு பாரு" என்றார் அத்தான் பெருமையாக.

அடுத்து ஊமை. அதில் எந்த அடையாளமும் கிடையாது. இருட்டு, வெளிச்சம், காலடியில் என்ன தரை, அவ்வளவுதான். கம்பளத்தில் சத்தம் வராது, கல்லில் வரும், மரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நான் அணைத்த விளக்கைக் காவலன் கவனிப்பான். திறந்துவிட்ட கதவைக் கவனிப்பான். ஆனால் கவனித்தேன் என்று சொல்ல மாட்டான். தொண்டையைச் செருமுவான். ஒரு "சரி" சொல்வான். காலடி தேய்ந்து போகும். அப்பாடா என்று வெளியே வந்தால் திருப்பத்தில் நின்றிருப்பான். மாட்டினால் மாளிகையின் வாசலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். முதல் மதியம் முழுவதும் நான் சமையல்கட்டைத் தாண்டவில்லை. தாண்டியபோது வியர்த்திருந்தது.

"இதுதான் அத்தான் நல்ல ஆட்டம்" என்றேன். "நிஜத்துல எந்தக் காவலன் தன் மனசுல இருக்கிறத ஒலிபெருக்கி வச்சுச் சொல்றான்? ஆளில்லாத நடைவழியில யார்கிட்ட பேசறான்?"

"உங்கிட்டதான்."

"என்கிட்டயா?"

"பின்ன? அந்த நடையில கேக்க வேற யாரு இருக்கா? 'என்ன சத்தம்'னு நான் கத்தறது உன்னப் பிடிக்க இல்ல. நான் இங்க வரேன், நீ தள்ளிக்கோன்னு சொல்லத்தான். வாயாடியில நான் உனக்குக் கூட்டாளி. வேஷம்தான் காவலன்."

"அப்ப ஊமையில?"

"அதுல நிஜமாவே உன்னப் பிடிக்கப் பார்க்கிறேன். அங்க சொல்லிக் குடுத்ததே அதுதான். 'சரி'ன்னு சொல்லணும், ஆனா விட்டுட மாட்டேன்னு உள்ளுக்குள்ள வச்சுக்கணும். கேக்கறவனுக்கு சந்தேகம் இருந்துகிட்டே இருக்கணும். அத வரவழைக்க எனக்கு ரொம்ப நாளாச்சு."

எனக்கு வாயாடி மேல் இருந்த இளக்காரம் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தது. ஒன்று, சொன்னதைச் செய்யும் காவலனை வைத்து நம்மைத் திட்டமிட வைக்கிறது. மற்றது, சொல்லாத காவலனை வைத்துப் பயப்பட வைக்கிறது. ஒன்றில் காது, மற்றதில் நெஞ்சு. எது உசத்தி என்று இணையத்தில் அடித்துக்கொள்பவர்களில் ஒருவருக்காவது இரண்டிலும் ஒரே ஆள்தான் நிற்கிறார் என்று தெரியுமா?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அதான பாத்தேன். மாப்பிள்ளை இப்பல்லாம் 'சரி, விடு'ன்னு சொல்லிட்டு விடறதே இல்ல."

"என்னத்தை சொல்றீங்க அத்தை?"

"முன்னெல்லாம் நீங்க 'சரி, விடு'ன்னா நான் நிம்மதியா எழுந்து போய் டப்பாவ மாத்துவேன். இந்தக் கொஞ்ச மாசமா, சொல்லிட்டுப் போயிட்டு, சத்தமில்லாம வெறுங்காலோட திரும்பி வர்றீங்க. டப்பாவும் கையுமா ரெண்டு தடவை பிடிச்சுட்டீங்க. அதுலேருந்து நீங்க வீட்ட விட்டுக் கிளம்பற வரைக்கும் நான் டப்பாவத் தொடறதில்ல."

அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிஸ்கட் விஷயத்தில் மாட்டிக்கொண்டதில் வந்த வெட்கம் இல்லை அது.

"அத்தையும் அலமாரிக்குள்ளதான் இருக்காங்க" என்றார் மெதுவாக.

ஊமை அவர் தொண்டைக்குள் குடியேறி, வாயாடியின் வரிக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது. சரிதானா என்று பார்க்க நான் ஒரு யோசனை சொன்னேன். வாயாடியின் பழைய பாகத்தைப் போட்டு, ஒலியை முழுக்க அடைத்தேன். அத்தான் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்து நேரடியாகக் குரைத்தார். நான் அலமாரிக்குள் ஒளிந்தேன். காவலன் வந்தான், தேடினான். பின்னாலிருந்து, "ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல." திரையில் காவலன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அப்படியும் என் விரல் பொத்தானை அழுத்த மறுத்தது. நானே உட்கார்ந்திருந்தேன், எங்கும் உட்காராத நான்.

"வாயேன்!" என்றார் அத்தான்.

"வரமாட்டேன். நீங்க இருக்கீங்க."

அன்றிலிருந்து வீடு முழுக்க அந்த ஒரு வரிதான். மெதுவாக, சத்தமாக, கொட்டாவியோடு, சிரித்துக்கொண்டு, உட்கார்ந்து, நடந்து. அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாளெல்லாம் ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கும் வேலை. வீட்டுக்கு வந்து அதே வேலையை அத்தான் குரலுக்கும் பார்த்தாள். "முதலாவது சொல்லுங்க. ம். ரெண்டாவது. ம்ஹும், முதலாவது போலீஸ், ரெண்டாவது பொய் சொல்ற போலீஸ். அடுத்தது?"

"இது?"

"இது பொய் சொல்லி மாட்டிக்கிட்ட போலீஸ்."

நான் பழைய பாகத்தின் வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு விஷயம் பிடிபட்டது. அதில் "போய்ட்டான்" வரைக்கும்தான் அவர் அங்கே இருக்கிறார். "போல" பாதி விழுங்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் அவர் மனது வேறெங்கோ போயாகிவிட்டது.

"இத சொல்லும்போது எதை நினைச்சுக்கிட்டிருந்தீங்க அத்தான்?"

"யாருக்கு ஞாபகம் இருக்கு? அப்போ..." என்று இழுத்தவர் அம்மாவைப் பார்த்தார். "அப்போதான் இங்க பொண்ணு கேட்டிருந்தேன். இவங்க சரின்னும் சொல்லாம, இல்லைன்னும் சொல்லாம வச்சிருந்தாங்க. வேலையே ஓடல. காவலனாவது மண்ணாவது. முடிச்சுட்டு ஓடிப்போய் உங்க அக்காவுக்கு போன் பண்ணி, அம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கணும், அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"அப்ப அந்த நல்ல பேரெல்லாம் எனக்குத்தான் வந்திருக்கணும்" என்றாள் அம்மா. "உடனே சரின்னு சொல்லியிருந்தா உங்க காவலன் அன்னைக்கே கெட்டிருப்பான்."

காவலன் நிஜமாகவே விட்டுவிட்டான் என்பது எப்போது தெரியும்? அவனுக்குப் போய்ப் பார்க்க வேறு வேலை இருக்கும்போது. கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம். ஆனால் கண்டுபிடித்தால் மட்டும் போதவில்லை. வேறு எதையாவது நினைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றதும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தீவிரமாக நினைத்தார். நினைப்பது குரலில் கேட்டது.

"இப்ப என்ன தெரியுமா?" என்றாள் அக்கா. "பரீட்சை எழுதற போலீஸ்."

வியாழக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை என்பதை, "நீயும் பார்க்க ஆசைப்பட்டியே" என்று சொன்னார். ஒலிக்கூடத்தின் வரவேற்பறையில் ஒரு நெட்டையான மனிதர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்து எழுந்து, "வணக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது, வானொலிக்காரர். வா என்றதால் வந்திருக்கிறார், பாவம், அவர் மேல் என்ன தப்பு? அத்தான் பதில் வணக்கம் சொன்னபோது குரல் கீச்சென்று வந்தது.

மேடம் ஐம்பதைத் தாண்டியவர். காதில் பெரிய ஹெட்போன், மூக்கு நுனியில் கண்ணாடி. என்னை மேசை அருகில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தான், மைக்குக்கு எட்ட ஒரு பலகைமேல் நின்றிருந்தார். அவருக்கு எதிரே திரையில் காவலன் அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல."

"இன்னொண்ணு" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல."

"இன்னொண்ணு. நீங்க இன்னும் தேடறீங்க."

மறுபடி. மறுபடி. மேடம் கோபப்படவில்லை. கோபப்படாததுதான் பயமாக இருந்தது. கதவு இடுக்கு வழியாக வானொலிக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது. அத்தான் நெற்றியைத் துடைத்தார். சட்டைக் காலரைத் தளர்த்தினார். தண்ணீர் குடித்தார்.

அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. "எப்படிப் போகுது? வரும்போது வளையம் வாங்கிட்டு வரச் சொல்லு. கம்பி எவ்ளோ தடிமன்னு அளந்தாரா? பக்கத்துக் கடை சீக்கிரம் மூடிடுவான்." இதைப் பதிவு முடிந்ததும் சொல்லியிருக்கலாம். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம் அவர்கிட்ட பேசட்டுமா?"

அவர் ஒரு பொத்தானைக் காட்டினார். அழுத்தினேன். "அத்தான், அக்கா கேக்கறா. திரைக் கம்பிய அளந்தீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் விழித்தார். "அய்யய்யோ. இல்லையே."

"அளவு தெரியாம எப்படி வளையம் வாங்கறது? கடைய வேற மூடிடுவானாம்."

"என் கட்டைவிரல் தடிமன் இருக்கும்ல?" அவர் கட்டைவிரலை உயர்த்தி உற்றுப் பார்த்தார். "இல்ல, அதுக்கும் கொஞ்சம் கம்மி. உங்க அக்கா கம்பியோட வந்து நிப்பா..."

"ஓடுது" என்றார் மேடம், பதிவு தொடங்கிவிட்டதாக.

திரையில் காவலன் கடைசி அலமாரியை மூடினான். அத்தான் கட்டைவிரலைப் பார்த்தபடியே, அனிச்சையாக, "ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போல" என்றார். "போல" பாதிதான் வெளியே வந்தது.

மேடத்தின் கை மேசைமேல் அப்படியே நின்றது. பிறகு அவரே பொத்தானை அழுத்தினார். "அந்தக் கம்பி வட்டக் கம்பியா, சதுரமா?"

"வட்டம்தான் மேடம்... வட்டம்தான்னு நினைக்கிறேன்."

"ஓடுது."

"யாரும் இல்ல. எலியா இருக்கும்."

"இரும்பா, மரமா?"

"மரம்... இல்ல, மரம் மாதிரி பெயின்ட் அடிச்ச இரும்பு. அதுல துரு வேற..."

"ஓடுது."

அப்படியே, காவலன் தேடலைக் கைவிடும் வரிகள் எல்லாவற்றையும் பதிவு செய்து முடித்தார்கள். கடைசி வரி வரும்போது மேடத்துக்கு எங்கள் வீட்டுச் சன்னலைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது.

ஆனால் வரி நன்றாக இருப்பது வேறு, ஒளிந்திருப்பவன் வெளியே வருவது வேறு. ஒலிப் பொறியாளர் புதிய பதிவைச் சோதனைப் பிரதியில் சேர்த்தார். மேடம் விளையாட்டுக் கருவியை என் கையில் கொடுத்தார். "நீங்க ரெண்டையும் ஆடினவங்கன்னு சொன்னார். அந்த இன்னொரு ஆட்டத்த ஆடினவங்கள ஏமாத்த முடியாது. உக்காருங்க."

அத்தான் தடுப்பை விட்டு வெளியே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வானொலிக்காரரும் கோப்பையோடு கதவருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

நீளமான நடை. ஓடிப்போய் அலமாரிக்குள் புகுந்தேன். இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம். பூட்ஸ் சத்தம் நெருங்கியது. "வெளிய வா, நீ இருக்கிறது தெரியும்." பக்கத்து அலமாரியின் கதவு படாரென்று திறந்தது. எனக்கு ஊமையின் சமையல்கட்டு ஞாபகம் வந்தது. திருப்பத்தில் காத்து நின்றவன், தேய்ந்து போய்த் திரும்பி வந்த காலடி, வெறுங்காலோடு வந்து அம்மாவைப் பிடித்தவர். பின்னால் அத்தான் மூச்சே விடவில்லை.

"ஒண்ணும் இல்ல. போய்ட்டான் போ..."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். யோசிக்கவே இல்லை, வந்த பிறகுதான் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. காவலன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி நடையின் கோடிவரை போய்க்கொண்டிருந்தான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கதவருகில் வானொலிக்காரர், "எனக்கு இன்னொரு பதிவு இருக்கு, நான் கிளம்பறேன்" என்று வானிலை மாதிரியே அழகாகச் சொல்லிவிட்டு, அத்தானின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அத்தான் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. குனிந்தபடி காவலன் பின்னாலேயே போனேன்.

"போதும்மா" என்றார் மேடம். "வெளிய போற வாசல் அந்தப் பக்கம்."

"இருங்க மேடம், இவன் எங்க போறான்னு பார்க்கணும்."

"வளையம் வாங்கப் போறான்" என்றார் அத்தான், குரல் திரும்பி வந்து. "எந்திரி, கடைய மூடிடுவான்."